டேங்க்குக்கு உறை ஊற்றிய கதை

இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு நயமாக எழுதத் தெரியாது. புதுச்சேரியில் வீட்டுக் குழாய், கக்கூஸ், செப்டிக் டேங்க் என்று வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். வேலைக்குப் போன வீடுகளில் எனக்குக் கோவக்கார மேஸ்திரி என்று பெயர். கோபம் வந்தது உண்மைதான். மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி தள்ளி நிற்கிறவர் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தால் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

குழாயை எப்படி வெட்டுவது, இணைப்பை எப்படி இறுக்குவது, சரிவு எவ்வளவு கொடுப்பது என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைக் கையில் எடுத்துச் செய்தால் தானாக வரும். வராதது வேறு. வீட்டுக்காரர் கத்துவார், வீட்டம்மா அழுவார், விருந்தாளி வண்டியேறிவிட்டிருப்பார். எல்லோரும் உங்கள் கையையே பார்ப்பார்கள், ஏதாவது செய் என்பார்கள். அந்த நேரத்தில் எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுக்கத் தெரிய வேண்டும். அந்த அறிவு எனக்கு வந்தது குருசுக்குப்பம் பக்கத்தில் ஒரு வீட்டில். எண்பதுகளின் தொடக்கம் அது.

வீடு அந்துவான் முசியேவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். அவர் ஒரு சொல்தா. விறைப்பான ஆள். வீட்டில் சட்டியெல்லாம் உயர வரிசையில் நிற்கும். பிரெஞ்சு வழக்கப்படி அவரை முசியே என்றும் அவர் மனைவியை மதாம் என்றும் எல்லோரும் கூப்பிடுவோம். கலகலப்பான மனுஷி. ஒரே மகள் ஜோசபின், நர்சு வேலைக்கு பாரிசுக்குப் போனவள், அங்கேயே ஒரு பிரெஞ்சுக்காரனைக் கட்டிக்கொண்டாள். அப்பாவிடம் கேட்கவில்லை. பிரெஞ்சுக்காரர்களோடு ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே டப்பாவில் தின்று, சண்டை போட்டுவிட்டு வந்த மனுஷனுக்கு, பிரெஞ்சுக்காரன் மாப்பிள்ளையாக வந்தது மட்டும் பொறுக்கவில்லை. பல வருஷம் மகளோடு பேச்சில்லை. அப்புறம் குழந்தை பிறந்து போட்டோ வந்தது. குழந்தைக்கு இவருடைய காது. அதோடு மனுஷன் இளகிவிட்டார். மகள், மாப்பிள்ளை, குழந்தை மூவரும் முதல்முறையாக ஊருக்கு வருகிறார்கள் என்று ஏற்பாடாயிற்று.

எனக்கு ஆள் விட்டபோது அவர்கள் வர இரண்டு வாரம்கூட இல்லை. தெருமுனையிலேயே எனக்குச் சேதி தெரிந்துவிட்டது. செப்டிக் டேங்க் நாற்றம் எனக்குப் புதிதில்லை. இது வேறு. அழுகலோடு காரமாக ஏதோ கலந்து கண்ணைக் கரித்தது.

கொல்லையில் டேங்க்கின் மூடி பாதி நகர்ந்திருந்தது. பக்கத்தில் இரண்டு ஆட்கள், கயிறும் தகர டப்பாவும் இரும்பு பிரஷ்ஷுமாக நின்றார்கள். அந்துவான் முசியே கைக்குட்டையில் ஓடிகோலன் தெளித்து மூக்கில் வைத்தபடி உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். கக்கூசில் தண்ணீர் ஊற்றினால் போகாமல் மேலே வருகிறதாம். அதனால் டேங்க்கை ஒட்ட இறைத்து, ஆள் இறங்கி, நாலு சுவரையும் தரையையும் சுரண்டி, ஆசிட் விட்டுக் கழுவி, பளிச்சென்று வைத்துவிட வேண்டுமாம். பட்டாளத்துப் புத்தி.

நான் மதாமைப் பார்த்துக் கேட்டேன். "இதுல என்ன ஊத்தினீங்க?"

"சுத்தம் பண்ணத்தான் ஊத்தினேன்."

"அதான், என்ன ஊத்தினீங்க?"

"காலைல ழவேல். மத்தியானம் பினாயில்." புருஷனை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சாயங்காலம் கொஞ்சம் ஆசிடு. மஞ்சக் கறை போவணும்ல."

ழவேல் என்றால் பிரான்சில் துணி வெளுக்கவும் கக்கூஸ் கழுவவும் பயன்படுத்தும் ப்ளீச்சிங் தண்ணீர். சொல்தா வீடுகளில் அதற்கு ஒரு மவுசு. அங்கிருந்து வரும் சொந்தக்காரர்கள் சென்ட் பாட்டிலோடு அதையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். இந்த வீட்டில் அது தீர்ந்ததும் கடைத்தெரு ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்து மதாம் அதே பாட்டிலில் ஊற்றியிருக்கிறார்.

"எத்தினி நாளா?"

"அவங்க வர்றாங்கன்னு கடுதாசி வந்ததிலேருந்து. மாப்பிள்ள அந்த ஊர்க்காரர் இல்லியா. கக்கூசுக்குப் போனா அவுங்க வீட்டு வாசன வரட்டுமேன்னு நெனச்சேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கிற நேரமில்லை. ஏனென்றால் அந்த இரண்டு பேரில் மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

தம்பிகளா, இதை மட்டும் நன்றாகப் படியுங்கள். செப்டிக் டேங்க்குக்குள் சாதாரண நாளிலேயே ஆளைக் கொல்லும் காற்று இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது, சில நேரம் மூக்குக்கும் தெரியாது. அதில் ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் வேறு ஒன்றாகச் சேர்ந்திருந்தால் இறங்குகிறவன் ஏணியின் பாதியிலேயே விழுவான். அவனைத் தூக்கப் போகிறவன் அவன்மேல் விழுவான். நம் ஊரில் இப்படித்தான் ஒருவன் பின்னால் ஒருவனாகப் போயிருக்கிறார்கள்.

நான் அந்த மனுஷனின் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவருக்குக் கோபம்.

"அண்ணே, நாங்க எறங்காத குழியா?"

"எறங்குனீங்க. ஏறியும் வந்தீங்க, அதனாலதான் என்கிட்ட பேசறீங்க. இதுல எறங்கினா ஏறமாட்டீங்க."

"எங்களுக்குப் பழக்கம்ண்ணே."

"காத்துக்கு உங்களப் பழக்கமில்ல."

அந்துவான் முசியே குரலை உயர்த்தினார். "நான் சொல்றேன், நீ எறங்குப்பா."

நான் மூடியை இழுத்துச் சரியாகப் பொருத்தினேன். அதன்மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அதைவிடச் சிறந்த பேச்சு எதுவும் தோன்றவில்லை.

"எழுந்திரு" என்றார்.

"எழுந்திரிக்கமாட்டேன்."

"நான் வேற பிளம்பரக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. எடம் இருக்கு, அவரும் பக்கத்துல ஒக்காரட்டும்."

வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். மதாம் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நாற்றத்தின் நடுவே காப்பியைக் குடித்தேன். கடைசியில் முசியே கைக்குட்டையை உதறிக்கொண்டு உள்ளே போனார். அந்த இரண்டு பேரையும் நான் திருப்பி அனுப்பவில்லை. டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி புதிதாக ஒன்று தோண்ட வேண்டியிருந்தது, அந்த வேலையைக் கொடுத்தேன். மூத்தவர் முறைத்துக்கொண்டேதான் மண்வெட்டியை எடுத்தார். முறைக்க ஆள் உயிரோடு இருக்கிறாரே, போதும்.

மதாமுக்கு விஷயத்தை விளக்கினேன். செப்டிக் டேங்க் வெறும் தொட்டி இல்லை. அது உயிருள்ளது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து, நாம் போடுவதையெல்லாம் தின்று கரைத்துத் தண்ணீராக்கி வெளியே அனுப்புகின்றன. மதாம் வாரக்கணக்கில் ழவேலை ஊற்றி அதுகளைக் கொன்றுவிட்டார். தின்ன ஆளில்லை. கரையாத சகதி அப்படியே வெளியே போய் உறிஞ்சு குழியை அடைத்துவிட்டது. அங்கே போக வழியில்லாதது கக்கூசுக்கே திரும்பி வருகிறது.

"அப்ப நான் சுத்தம் பண்ணினதாலயா இது நாறுது?" என்றார்.

"ஆமா."

"நான் விட்டிருந்தா?"

"நல்லா இருந்திருக்கும்."

அவர் அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எது அவரை வாட்டியது என்று அப்போதுதான் சொன்னார். முசியே ஏற்கெனவே கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டலில் அறைக்குச் சொல்லி வைத்திருக்கிறார். வீடு சரியாகாவிட்டால் கார் நேராக ஓட்டலுக்குப் போகும்.

"போவட்டுமே மதாம், பகல்ல இங்க வந்துட்டுப் போறாங்க" என்றேன் புத்தியில்லாமல்.

"உனக்குத் தெரியாது மேஸ்திரி. மொதத் தடவ ஓட்டல்ல எறங்கிட்டா அப்புறம் எப்ப வந்தாலும் ஓட்டல்தான். பொண்ணு விருந்தாளியா வந்து விருந்தாளியா போவா. அவ அப்பா மனசு மாற எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா? நான் இந்த வீட்டுல அவ படுக்கையை விரிச்சி வெச்சி ஒக்காந்திருக்கேன்."

அப்புறம் நான் அவசரம் காட்டவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. எவ்வளவு பெரிய காரியம் தொங்குகிறதோ அவ்வளவு மெதுவாக யோசிக்க வேண்டும். கக்கூஸ் தரையை உடைத்துக் குழாயை மாற்றியிருக்கலாம். பார்க்க வேலை நடப்பதுபோல் இருந்திருக்கும், முசியேவும் அடங்கியிருப்பார். ஆனால் குழாயில் கோளாறு இல்லை. லாரியை வரவழைத்து மேலே நின்றதை மட்டும் உறிஞ்ச வைத்தேன், அடியில் கொஞ்சம் விட்டேன். ழவேல், பினாயில், ஆசிட் எல்லாம் நிறுத்தம் என்றேன். இனி டேங்க் தானாக உயிர் பிடிக்க வேண்டும், காத்திருக்க வேண்டியதுதான் என்றேன்.

"எவ்வளவு நாள்?" என்றார் முசியே.

"தெரியாது."

"உனக்கே தெரியாதா?"

"தெரிஞ்சா சொல்லமாட்டனா?"

மதாம் எதையோ யோசித்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார். "ஏன் மேஸ்திரி, பால்ல உறையே இல்லன்னா எத்தினி நாள் வெச்சிருந்தாலும் தயிராவாதுல்ல? பக்கத்து வீட்டுல ஒரு கரண்டி உறை வாங்கி ஊத்துவோம். இதுக்கும் அப்படி ஊத்தினா?"

முசியே கைக்குட்டைக்குள்ளேயே ஏதோ முனகினார். எனக்கும் முதலில் சிரிப்புத்தான். வீட்டுக்கு நடந்து போகிற வழியில் முத்தியால்பேட்டை மணிக்கூண்டைத் தாண்டும்போது சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அம்மா சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது? நன்றாக வேலை செய்யும் இன்னொரு டேங்க்கிலிருந்து இரண்டு வாளி கொண்டுவந்து இதில் விட்டால் அதிலிருக்கும் உயிர் இதில் பெருகாதா? நான் அதுவரை செய்து பார்த்ததில்லை. யாரும் எனக்குச் சொன்னதுமில்லை. யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்காதீர்கள் தம்பிகளா. ழவேல் ஊற்றிய வாய்தான் உறையையும் சொன்னது.

நல்ல டேங்க் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. மதில் சுவருக்கு அந்தப் பக்கமே இருந்தது. ஏழுமலை வீடு. அவர் பஞ்சாலைத் தொழிலாளி. ஒன்பது பேர் உள்ள வீடு, டேங்க் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. ஒரே சிக்கல், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முசியே டேங்க்குக்கு வைத்த காற்றுக் குழாய் குட்டையானது. பிற்பகலில் கடற்காற்று எழும்பினால் அந்தக் குழாயின் நாற்றம் நேராக ஏழுமலை வீட்டு மாடி ஜன்னலுக்குள் போகும். குழாயை உயர்த்துங்கள் என்று ஏழுமலை கேட்டிருக்கிறார். ஜன்னலைச் சாத்திக்கொள் என்று முசியே சொல்லியிருக்கிறார். அதோடு சரி, வருஷக்கணக்கில் முகம் பார்ப்பதில்லை.

மறுநாள் நான் போய் ஏழுமலையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"எங்க டேங்க்குல இருந்தா?"

"ஆமாண்ணே."

"எங்க வீட்டுதா?"

"ஆமாண்ணே. நல்ல சரக்கு."

ஏழுமலை மனைவி அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். ஏழுமலை மட்டும் சிரிக்கவில்லை. சோற்றைத் தள்ளிவைத்து, கையைக் கழுவி, துண்டில் துடைத்து, தோளில் போட்டுக்கொண்டார். ஒரு ராஜா முடிவெடுப்பதுபோல இருந்தது.

"தரேன். ஆனா அவரே வந்து என் வாசல்ல நின்னு கேக்கணும்."

முசியேவிடம் இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இருந்தது, அவரை நடக்க வைக்கும் சக்தி இல்லை. அதை மதாம் பார்த்துக்கொண்டார். உள்ளே என்ன பேசினாரோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் முசியே வெள்ளைச் சட்டையும் பூட்ஸுமாக வெளியே வந்தார். அணிவகுப்புக்குப் போகிறவர்போல விறைத்து நடந்து ஏழுமலை வாசலில் நின்றார்.

"கொஞ்சம் குடுங்க" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"எத?" என்றார் ஏழுமலை.

"அதான். மேஸ்திரி சொன்னான்ல."

"மேஸ்திரி ஆயிரம் சொல்லுவான். உங்களுக்கு எது வேணும்னு நீங்க சொல்லுங்க."

முசியேவின் காது சிவந்தது. "உங்க டேங்க்குல இருக்கறது. ரெண்டு வாளி."

"அஞ்சாறு வருஷமா உங்க வீட்டுக் காத்த எங்களுக்குச் சும்மாவே குடுத்தீங்க முசியே. நான் ரெண்டு வாளி குடுக்கமாட்டனா?" என்றார் ஏழுமலை. பிறகு ஒரு பேச்சு சேர்த்துக்கொண்டார். "அந்தக் கொழாய ஒசத்திடுங்க."

"ஒசத்திடறேன்."

"பொண்ணு வருதாம்ல."

"ஆமா. பேரனும் வர்றான்."

"அப்ப எடுத்துக்குங்க. வேணுங்கற அளவு எடுத்துக்குங்க."

வீட்டுக் கூடத்தின் வழியாக வாளி போகக்கூடாது என்று ஏழுமலை மனைவி சொல்லிவிட்டார். அதனால் மதில் சுவர் வழியாகவே மாற்றினோம். நான் ஏழுமலை கொல்லையில் அவர் டேங்க் மூடியைத் திறந்து, காற்று போக விட்டு, மேலே எட்ட நின்று கயிற்றில் வாளியை இறக்கி எடுத்தேன். வாழை இலையால் மூடி மதில்மேல் வைத்தேன். அந்தப் பக்கம் ஏணியில் நின்று வாங்கியது அந்துவான் முசியே. வேறு யாரையும் அவர் விடவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண் கேட்டாள். "என்னா முசியே, பக்கத்து வூட்டுல விசேஷமா? சாம்பாரா குடுக்கறாங்க?"

"உறை" என்றார் முசியே. அவ்வளவுதான் சொன்னார். வாளி ஆடாமல் ஏணியில் இறங்கினார்.

அடுத்த சில நாட்கள்தான் கஷ்டம். செய்ய ஒன்றுமில்லை. காற்றுக் குழாயை உயர்த்தினேன், புது உறிஞ்சு குழியை மூடினேன், அதற்குமேல் வேலை இல்லை. டேங்க்கைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பதால் கக்கூசை முதலில் கொஞ்சநாள் மூடி வைத்தோம். வீட்டுக்காரர்கள் காலையில் எங்கே போவார்கள்? ஏழுமலை வீட்டுக்குத்தான். முசியே விடியற்காலையில் செய்தித்தாளை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு ஏழுமலை கொல்லைக்கு நடப்பதைத் தெருவே பார்த்தது. "முசியே, ஒம்பது பேருக்கு நடுவுல வரிசையில நிக்கணும்" என்று ஏழுமலை உள்ளிருந்து குரல் கொடுப்பார். வரிசை என்றால் சொல்தாவுக்குப் பழக்கம்தானே, நின்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கூசைத் திறந்துவிட்டேன். நாற்றம் குறைந்தது என்று ஒருநாள் தோன்றும், மறுநாள் இல்லை என்று தோன்றும். நானும் தினமும் போய் மோந்துகொண்டு நின்றேன். மகள் வருவதற்கு முந்தின நாள் முசியே பொறுமை இழந்துவிட்டார். எங்கேயோ ஒளித்து வைத்திருந்த கடைசி ழவேல் பாட்டிலோடு கக்கூஸ் வாசலில் நின்றார்.

"ஒரு மூடி. ஒரே மூடி ஊத்தறேன். வாசனைக்கு."

"ஊத்துங்க. ஊத்திட்டு ஏழுமலை வாசல்ல நின்னு மறுபடி கேளுங்க" என்றேன்.

மதாம் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய் அலமாரியில் வைத்துப் பூட்டினார். ஓட்டல் அறையை வேண்டாமென்று சொல்லிவிடச் சொன்னார். முசியே கேட்கவில்லை. "நாளைக்குப் பாத்துட்டு" என்றார். அவர் பயமும் நியாயம்தான். எனக்கே உறுதி இல்லை. உறுதி இருப்பதுபோல நடிக்கவும் இல்லை. உங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வீட்டுக்காரர் திட்டுவார், திட்டட்டும்.

மறுநாள் மதராசிலிருந்து கார் வந்தது. மதாம் சொன்னதால் நானும் அங்கே இருந்தேன். ஏதாவது ஆனால் கை வேண்டுமே. ஜோசபின் இறங்கியதும் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முசியே குழந்தையை வாங்கிக்கொண்டு அதன் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் பெட்டிகளை இறக்கக் காரின் பின்பக்கத்தைத் திறக்கப் போனார். முசியே கையைக் காட்டி நிறுத்தினார். பெட்டியெல்லாம் காரிலேயே இருந்தன.

மாப்பிள்ளை நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். சிவந்து வேர்த்திருந்தார். மாமனாருக்குக் கைகொடுத்தார், மாமியாருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், அப்புறம் ஜோசபினிடம் தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். அவள் வீட்டுக்குள் கையைக் காட்டினாள். அவர் வேகமாகப் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மதாம் மகளின் கையை விடாமல் பிடித்திருந்தார். முசியே அட்டென்ஷனில் நின்றார், கையில் குழந்தை. மதில்மேல் ஏழுமலையின் தலை தெரிந்தது, அதற்குப் பக்கத்தில் அவர் மனைவியின் தலை. பிற்பகல் கடற்காற்று வீச ஆரம்பித்திருந்தது. நான் மூக்கை உயர்த்திப் பார்த்தேன். காய்கிற கருவாட்டு வாசனைதான் வந்தது.

உள்ளே தண்ணீர் விழுந்தது. பிறகு ஒரு பெரிய மிடறு விழுங்குவதுபோலச் சத்தம். அப்புறம் குழாய் வழியாகத் தண்ணீர் நிற்காமல், திணறாமல், கொல்லைப் பக்கமாக ஓடியது. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ வீட்டில் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டேன்.

"போச்சா?" என்றார் ஏழுமலை மதிலிலிருந்து.

"போச்சு" என்றேன்.

ஏழுமலையின் உறை வேலை செய்ததா, ழவேலை நிறுத்தியதே போதுமாக இருந்ததா, புதுக் குழி காப்பாற்றியதா என்று எனக்கு இன்றைக்கும் சத்தியமாகச் சொல்ல முடியாது. உறைதான் என்று ஏழுமலை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் அதற்குமேல் வாதாட எனக்கு மனமில்லை.

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு மிரண்டு மனைவியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கினாள். அவளுக்கும் ஒன்றும் தெரியாது.

மதாம் மகளின் கையை விட்டுவிட்டு வாசலுக்கு நடந்தார். முசியேவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டிரைவர் தம்பி," என்றார், "பெட்டியெல்லாம் எறக்கு."